வண்ணக்கனின் உளி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திரையில் தெரிவது ஏதென்ஸ் நகரத்து வெள்ளிக் காசு ஒன்று. நம் ஐந்து ரூபாய்க் காசின் அகலம்தான் இருக்கும். ஆனால் நல்ல தடிமன், உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். எடை 17.2 கிராம். ஒருபுறம் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவி. மறுபுறம் ஓர் ஆந்தை. உடலைப் பக்கவாட்டில் வைத்து, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பி, இரண்டு வட்டக் கண்களால் நம்மையே பார்க்கிறது. அதன் முதுகுப்பக்கம் ஒலிவ மரத்தின் சிறு கொத்து, அதற்கடியில் பிறை நிலா. முன்பக்கம் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்று மூன்று எழுத்துகள். 'ஏதென்ஸ்காரர்களுடையது' என்பதன் சுருக்கம் அது.

அந்த ஆந்தை சிற்றாந்தை இனம். நம் வயலோரத்துப் பனைமரப் பொந்தில் இருக்கிறதே புள்ளி ஆந்தை, அதன் நெருங்கிய உறவு. இரண்டுக்கும் விலங்கியலார் வைத்த பேரினப் பெயரே அதீனி என்பதுதான். நமக்கு அலறினாலே ஆகாத பறவை. அவர்களுக்கு ஊரையே காக்கும் தெய்வத்தின் பறவை.

இப்போது ஆந்தையின் உடலைப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு. தேய்மானமல்ல, மண்ணில் கிடந்து உடைந்ததுமல்ல. யாரோ ஓர் உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்திருக்கிறார். இப்படி வெட்டுப்பட்ட ஆந்தைக் காசுகள் உலகின் அருங்காட்சியகங்களில் ஏராளம். சேகரிப்பாளர்கள் இவற்றைக் குறைப்பட்ட காசு என்று ஒதுக்குவார்கள். எனக்கோ வெட்டில்லாத காசைவிட இதுதான் அருமையான காசு. இந்த வெட்டை யார் போட்டார், ஏன் போட்டார் என்பதைத் தேடிப் போவதுதான் இன்றைய உரை.

கிரேக்கர்கள் காசு அடிக்கத் தொடங்கும் முன்னரே எண்ணிக்கைக்கு ஒரு பொருளை வைத்திருந்தார்கள். அது இரும்புக் கம்பி, இறைச்சி சுடும் நீண்ட கம்பி. அதற்கு ஓபெலோஸ் என்று பெயர். ஆறு கம்பி சேர்ந்தால் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குப் பெயர் திராக்மா. பின்னால் வெள்ளிக்காசு வந்தபோது கம்பியின் பெயரே ஓபோல் என்று சிறுகாசின் பெயரானது; ஆறு ஓபோல் ஒரு திராக்மா என்ற கணக்கும் அப்படியே நின்றது. ஆர்கோஸ் நகருக்கு அருகில் ஹீரா தேவியின் கோயிலில் காணிக்கையாக வைத்திருந்த கம்பிக் கட்டு ஒன்று கிடைத்து, இப்போது ஏதென்ஸ் நாணயவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துருப்பிடித்த கம்பிகள்தான். ஆனால் ஒரு மனிதக் கை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் ஒரு திராக்மா என்பது அதைப் பார்த்தால் கண்ணுக்கே விளங்கிவிடும்.

முத்திரை குத்திய காசு பிறந்தது லிதியாவில், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில். பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தில் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அடித்தார்கள். கிரேக்க நகரங்கள் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வெள்ளிக்கு மாறின. ஏஜினா தீவு கடலாமைக் காசு அடித்தது. கொரிந்து இறக்கைக் குதிரையை அடித்தது. ஊருக்கு ஒரு காசு, ஊருக்கு ஓர் எடை. ஏதென்ஸ் இந்த வரிசையில் முன்னால் நின்ற ஊரல்ல. ஆந்தைக் காசு வருவதே கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஆனால் ஏதென்ஸிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது: சொந்த மண்ணில் வெள்ளி.

ஏதென்ஸிலிருந்து தெற்கே அட்டிகா நிலம் கடலில் முடிகிற முனைக்கு அருகில் லாரியோன் மலைகள். பளிங்குப் பாறைக்கும் அதன்மேல் படிந்த களிப்பாறைக்கும் இடைப்பட்ட விளிம்பில் காரீயத் தாது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளி. கி.மு. 483 வாக்கில் மரோனியா என்ற இடத்தில் வளமான படுகை ஒன்று அகப்பட்டது. அதனால் 100 தாலந்து வருவாய் வந்ததாக அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் சொல்கிறது. ஒரு தாலந்து 6,000 திராக்மா, ஏறத்தாழ 26 கிலோ வெள்ளி. ஆக, இரண்டரை டன்னுக்கு மேல்.

குடிமக்கள் தலைக்குப் பத்து திராக்மாவாகப் பங்கு போட்டுக்கொள்வது என்று பேச்சு. அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் எழுந்து, வேண்டாம், கப்பல் கட்டுவோம், ஏஜினாவோடு போர் இருக்கிறது என்றார். ஊர் ஒப்புக்கொண்டது. மூன்றே ஆண்டில் பாரசீகப் படை வந்தபோது சலாமிஸ் கடலில் அந்தக் கப்பல்கள்தான் நின்றன. கைக்கு வந்த பத்து திராக்மாவை வேண்டாம் என்று சொன்ன சபை என்று இதைப் பாடநூல்கள் போற்றுகின்றன. போற்ற வேண்டியதுதான். ஆனால் அந்த வெள்ளியை மேலே கொண்டுவந்தவர்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை. பத்து திராக்மாப் பங்கிலும் அவர்கள் பெயர் இல்லை.

லாரியோன் சுரங்கத்துக்குள் கொஞ்சம் போய்வருவோம். மேலிருந்து செங்குத்தாக, செவ்வக வடிவில் வெட்டிய கிணறு போன்ற குழிகள். சிலவற்றின் ஆழம் 100 மீட்டரையும் தாண்டும். அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் பிரியும் சுரங்கப் பாதைகள் பலவும் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதவை. நிமிர்ந்து நிற்க முடியாது. படுத்தபடியோ மண்டியிட்டபடியோ சுத்தியலும் உளியும் கொண்டு பாறையைக் கொத்த வேண்டும். சுவரில் எண்ணெய் விளக்கு வைக்கச் சிறு மாடக்குழி. உளி பட்ட வரிகள் இன்றும் அந்தச் சுவர்களில் இருக்கின்றன. ஒரு கை எந்தப் பக்கமாக வீசியது என்பதைக்கூட அந்த வரிகளில் படிக்கலாம்.

மேலே வந்த தாதுவைப் பொடித்துக் கழுவ வேண்டும். லாரியோனில் ஆறு இல்லை. ஆகவே மழைநீரைப் பாறையில் வெட்டிய தொட்டிகளில் பிடித்து, நீர் கசியாத சாந்து பூசி, ஒரு சொட்டும் வீணாகாமல் காத்தார்கள். சரிவான கழுவுதளத்தில் நீரை விட்டால் கனமான தாது தங்கும், இலேசான மண் ஓடும். ஓடிய நீர் சுற்றியுள்ள கால்வாய் வழியே படிவுக்குழிகளில் தெளிந்து, மீண்டும் அதே தொட்டிக்கு வரும். தண்ணீர்ப் பஞ்சத்தை அறிந்த கைகள் செய்த வேலை அது. அந்தக் கழுவுதளங்களின் இடிபாடுகளைத் தோரிக்கோஸ் பக்கம் இன்றும் பார்க்கலாம்.

அடுத்தது உலை. தாதுவை உருக்கினால் முதலில் கிடைப்பது காரீயம். ஒரு டன் காரீயத்தில் வெள்ளி சில கிலோதான். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? திறந்த உலையில் உருக்கி, துருத்தியால் காற்றை அதன்மேல் ஊதுவார்கள். காரீயம் காற்றோடு சேர்ந்து மஞ்சளாக ஏடு கட்டும். அதை வழித்தெடுக்க வேண்டும். நம் நாட்டுமருந்துக் கடைகளில் மிருதார்சிங்கி என்று வைத்திருப்பார்களே, அந்தப் பொருள்தான். காரீயம் முழுவதும் அப்படிப் போய்விட்டால் கடைசியில் உலையின் அடியில் வெள்ளி மட்டும் எஞ்சும். காரீயப் புகை உடலுக்கு நஞ்சு. ஊதுகிறவர் அந்தப் புகையை அன்றாடம் குடித்தார். இந்தப் புடத்தில் வந்த ஆந்தைக் காசுகளின் தூய்மை நூற்றுக்கு 98-க்கு மேல் என்று இன்றைய பகுப்பாய்வு காட்டுகிறது.

இனிக் கணக்கு. ஸெனபோன் என்ற எழுத்தாளர் ஏதென்ஸின் வருவாய் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் நிசியஸ் என்ற தளபதியைப் பற்றி ஒரு குறிப்பு. நிசியஸிடம் 1,000 அடிமைகள். அவர்களைச் சோசியாஸ் என்ற திரேசியருக்குச் சுரங்க வேலைக்கு வாடகைக்கு விட்டார். ஆள் ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு ஒரு ஓபோல். செலவெல்லாம் சோசியாஸுடையது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: எண்ணிக்கை எப்போதும் ஆயிரமாகவே இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியைப் படித்த நாளிலிருந்து என்னால் அதை விட்டு விலக முடியவில்லை. 360 நாளுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 60,000 திராக்மா, சரியாகப் பத்துத் தாலந்து. வருவாய் குறையாது, ஆளும் குறையாது. ஒருவர் சுரங்கத்தில் செத்தால் அவருடைய இடத்தில் இன்னொருவரை வாங்கி நிறுத்திவிட வேண்டும். அப்படியானால் அந்தக் கணக்கேட்டில் சாவே கிடையாது. எத்தனை பேர் செத்தார்கள் என்று நாம் அந்த ஏட்டைப் பார்த்து ஒருநாளும் சொல்ல முடியாது. அது எழுதப்பட்ட விதமே அப்படி.

அதே நூலில் ஸெனபோன் ஒரு யோசனையும் சொல்கிறார். அரசே அடிமைகளை வாங்கிச் சுரங்கங்களுக்கு வாடகைக்கு விடட்டும். திருட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? அதற்கும் விடை வைத்திருக்கிறார்: அரசு முத்திரையை அவர்கள்மேல் குத்திவிடலாம். வெள்ளி வில்லைக்கும் முத்திரை, அதைத் தோண்டிய ஆளுக்கும் முத்திரை.

அக்கசாலைக்கு வருவோம். நாணயம் அடிக்கும் இடத்துக்கு நம் பழைய சொல் அது, எனக்கு மிகவும் பிடித்த சொல். பட்டறைக்கல்லில் ஒரு வெண்கல அச்சைப் பதித்திருப்பார்கள். அதில் அதீனாவின் முகம் குழிவாக வெட்டியிருக்கும். எடை பார்த்த வெள்ளி வில்லையைச் சூடாக்கி இடுக்கியால் எடுத்து அதன்மேல் வைப்பார் ஒருவர். ஆந்தை வெட்டிய இன்னொரு அச்சை வில்லையின்மேல் நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். ஒரே அடியில் இரண்டு முகமும் பதியும். அடி விலகினால் ஆந்தையின் வாலோ அதீனாவின் கவசத் தூவலோ காசுக்கு வெளியே போய்விடும். முழுத் தூவலும் பதிந்த ஏதென்ஸ் காசைப் பார்ப்பதே அபூர்வம். வேகமாக, ஆயிரக்கணக்கில் அடித்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

அதீனாவின் கண்ணைக் கவனியுங்கள். முகம் பக்கவாட்டில் இருக்கிறது, கண் மட்டும் நேரே பார்க்கிறது. பழங்காலச் சிற்பிகள் வரைந்த முறை அது. பார்த்தினன் கோயிலைக் கட்டிய, கல்லில் குதிரையின் நரம்பைக்கூடத் துடிக்கவைத்த அதே ஏதென்ஸ், ஐந்தாம் நூற்றாண்டு முழுவதும் தன் காசில் இந்தக் கர்நாடகக் கண்ணைத்தான் அடித்துக்கொண்டிருந்தது. காரணம் வெளிநாட்டுச் சந்தை. எகிப்திலும் சிரியாவிலும் வியாபாரி அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் காசை வாங்கினார். கண்ணை அழகாக்கினால் காசைச் சந்தேகிப்பார்.

அழகான காசு வேண்டுமென்றால் சிசிலித் தீவின் சிரக்கூஸுக்குப் போக வேண்டும். கிமோன், எவாய்னெட்டோஸ் என்ற அச்சுச் சிற்பிகள் அங்கே ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் செய்த பத்துத் திராக்மாக் காசுகள் 43 கிராம் எடையுள்ளவை. ஊற்றுத் தேவதை அரெதூசாவின் தலையைச் சுற்றி டால்பின்கள் நீந்தும். பின்புறம் நான்கு குதிரைத் தேர் பாயும். சிற்பிகள் தங்கள் பெயரையே காசில் பொறித்தார்கள். உலகில் அதற்குமுன் அவ்வளவு அழகான காசு அடிக்கப்படவில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நெடுந்தொலைவு போனது அழகியல்ல, ஆந்தைதான்.

ஊருக்குள்ளே காசு எப்படிப் புழங்கியது? ஓபோல் காசு முக்கால் கிராம்கூட இல்லை; மீன் செதிள் அளவுதான். ஏதென்ஸ்காரர்களின் ஆடையில் பை கிடையாது. ஆகவே சந்தைக்குப் போகும்போது சில்லறையை வாயில் அடக்கிக்கொண்டு போவார்கள். அரிஸ்டோஃபனிஸின் 'குளவிகள்' நாடகத்தில் ஒரு கிழவர் புலம்புவார். நீதிமன்றத்தில் நடுவராக இருந்ததற்கான நாள்கூலியை இன்னொருவரோடு பங்கிட வேண்டியிருந்தது; அந்த ஆள் சில்லறை என்று சொல்லி மூன்று மீன் செதிளைக் கொடுத்தார். இவரும் காசென்று நம்பி வாயில் போட்டுக்கொண்டார். நாற்றம் தாங்காமல் துப்பினாராம். அரங்கம் சிரித்திருக்கும். ஆனால் காசு வாங்குகிறவரின் கவலை என்ன என்பதை அந்தக் காட்சி அப்படியே சொல்லிவிடுகிறது: கைக்கு வந்தது வெள்ளிதானா?

அந்தக் கவலை ஊர் முழுவதையும் பிடித்த காலம் வந்தது. கி.மு. 413-ல், ஏதென்ஸோடு போரிட்டுக்கொண்டிருந்த ஸ்பார்ட்டாவின் படை அட்டிகாவுக்குள் தெக்கெலியா என்ற இடத்தில் கோட்டை கட்டி நிரந்தரமாக உட்கார்ந்தது. அதன்பின் 20,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸிலிருந்து தப்பி ஓடினார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். அவர்களில் பெரும்பகுதி கைவினைஞர்கள். ஏதென்ஸுக்கு அது பேரிடி. ஓடியவர்களின் பக்கம் நின்று பார்த்தால் என்னவாக இருந்திருக்கும் என்று துசிடிடிஸ் எழுதவில்லை. லாரியோன் ஓய்ந்தது, வெள்ளி வரத்து நின்றது. கோயிலின் தங்க வெற்றித்தேவதைச் சிலைகளை உருக்கிக் காசடித்தார்கள். அதுவும் போதாமல், செம்புக்கு மேல் வெள்ளித்தகடு சுற்றிய ஆந்தைகளை அரசே அடித்தது. கி.மு. 405-ல் அரங்கேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்டோஃபனிஸ் நல்ல மனிதர்களைப் பழைய காசுக்கும், தலையெடுத்த புதியவர்களை அந்த மட்டக் காசுக்கும் ஒப்பிட்டுக் குமுறினார்.

போர் முடிந்து சில ஆண்டுகளில் அந்த மட்டக் காசு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. இதையும் அவரே இன்னொரு நாடகத்தில் காட்டுகிறார். ஒருவர் திராட்சையை விற்று, வாய் நிறையச் செம்புக் காசோடு மாவு வாங்கப் போகிறார். பையை விரித்துப் பிடித்த அந்தக் கணத்தில் பறையறைவோன் கூவுகிறான்: இனி யாரும் செம்பை வாங்கக்கூடாது, வெள்ளி மட்டும்தான்! நோட்டு செல்லாது என்ற அறிவிப்பைக் கேட்டு 2016 நவம்பரில் வங்கி வாசலில் நின்ற நமக்கு அந்த மனிதரின் முகத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆந்தைக் காசு அதற்குள் ஏதென்ஸின் கையைவிட்டுப் போயிருந்தது என்றும் சொல்லலாம். எகிப்திலும் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையிலும் அதே ஆந்தையை, அதே எழுத்துகளோடு மற்றவர்களும் அடித்தார்கள். பின்னாளில் பாரசீக அரசர் மூன்றாம் அர்தக்செர்க்சஸ் எகிப்தை மீட்டபின் அங்கே அடித்த காசிலும் ஆந்தைதான். எழுத்து மட்டும் எகிப்திய எழுத்து, பெயர் அவருடையது. இப்படி வெளியே அடித்தவற்றில் நல்ல வெள்ளியும் இருந்தது, மட்டமும் இருந்தது. எல்லாம் கப்பலேறி ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்கு வந்து இறங்கின. ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோவது என்று கிரேக்கர்களிடம் ஒரு பழமொழி. நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்கிறோமே, அதே பொருள். ஆனால் இந்த ஆந்தைகள் உண்மையிலேயே வந்தன, அவற்றில் எது எந்த ஆந்தை என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் நம் வெட்டைப் போட்டிருக்கக்கூடிய ஒருவர் வருகிறார்.

1970-ல் ஏதென்ஸ் பழஞ்சந்தையான அகோராவில் அகழாய்வு நடந்தபோது, பெரிய வடிகாலின் சுவரில் வெறும் கல்லாக வைத்துக் கட்டியிருந்த ஒரு கல்வெட்டு வெளியே வந்தது. கி.மு. 375/4-ல் நிக்கோஃபோன் என்பவர் கொண்டுவந்த சட்டம். ஐம்பதுக்கும் மேற்பட்ட வரிகள். ரொனால்ட் ஸ்ட்ரௌட் என்ற அறிஞர் 1974-ல் அதைப் பதிப்பித்தார். கிரேக்க நாணயவியலில் எனக்கு ஒரே ஒரு கல்லைத்தான் காட்டலாம் என்றால் இதைத்தான் காட்டுவேன்.

சட்டம் பேசுவது தோகிமாஸ்தேஸ் என்ற ஒரு வேலைக்காரரைப் பற்றி. காசைச் சோதித்து ஏற்பவர் என்று பொருள். நாம் இதற்குப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. நேற்றுவரை நோட்டக்காரர் என்றோம். அதற்கும் முன் வண்ணக்கன் என்றோம். சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலேயே வண்ணக்கன் என்ற தொழில்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நானும் அவரை வண்ணக்கன் என்றே அழைக்கிறேன்.

இந்த வண்ணக்கன் ஓர் அடிமை. ஊருக்குச் சொந்தமான பொது அடிமை. அகோராவில் வட்டிக்கடைக்காரர்களின் மேசைகளுக்கு நடுவே அவர் நாள்தோறும் உட்கார வேண்டும். அரசுக்குப் பணம் கட்டும் நாட்களில் மட்டும் ஆட்சிமன்றத்தில் உட்கார வேண்டும். காசு கொண்டுவந்தால் சோதிக்க வேண்டும். ஏதென்ஸ் அச்சோடு வந்த வெளிநாட்டு வெள்ளியானால் கொண்டுவந்தவரிடமே திருப்பித் தர வேண்டும். உள்ளே செம்போ காரீயமோ இருந்தால், கள்ளக் காசானால், அந்த இடத்திலேயே குறுக்கே வெட்ட வேண்டும். வெட்டிய காசு தேவர்களின் தாய்க்கு உரியதாகிவிடும். ஆட்சிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அவர் நல்லது என்று சொன்ன வெள்ளியைக் கடைக்காரர் வாங்க மறுத்தால், அன்றைக்கு அவர் விற்க வைத்திருக்கும் சரக்கு முழுவதும் பறிமுதல். யோசித்துப் பாருங்கள். ஓட்டு இல்லாத, தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒருவர் 'இது வெள்ளி' என்று சொன்னால், சுதந்திரக் குடிமகனான வணிகர் வாயை மூடிக்கொண்டு வாங்க வேண்டும். ஏதென்ஸில் வேறு எங்கேயும் அடிமையின் சொல்லுக்கு அந்த எடை இல்லை.

அதே சட்டம் அடுத்ததையும் சொல்கிறது. வண்ணக்கன் தன் இடத்தில் உட்காராவிட்டால், அல்லது சட்டப்படி சோதிக்காவிட்டால், சாட்டையால் 50 அடி.

பிரேயஸ் துறைமுகத்துக்கும் கப்பல்காரர்களுக்காகவும் வணிகர்களுக்காகவும் இன்னொரு வண்ணக்கனை அமர்த்தச் சட்டம் ஆணையிடுகிறது. பொது அடிமைகளில் தகுந்தவர் இல்லையென்றால் விலைக்கு வாங்கச் சொல்கிறது. அவருக்குச் சம்பளமும் உண்டு. அக்கசாலைத் தொழிலாளர்களுக்கு எந்தக் கணக்கிலிருந்து போகிறதோ அதிலிருந்தே. அவர் உட்கார வேண்டிய இடம்கூடக் குறித்திருக்கிறது: பொசைடன் கல்தூணுக்கு அருகில். அங்கேயே சட்டத்தின் நகலையும் கல்லில் வெட்டி நிறுத்த வேண்டும்.

எப்படிச் சோதித்தார்? எபிக்டெட்டஸ் என்ற தத்துவஞானி பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு நோட்டக்காரரைப் பற்றிச் சொல்கிறார். கண்ணால் பார்க்கிறார், தொட்டுப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், கடைசியில் காசைத் தட்டிப் போட்டு ஓசையைக் கேட்கிறார். ஒருமுறை கேட்டு நிறைவடைவதில்லை, திரும்பத் திரும்பக் கேட்டு இசைவாணர் போல ஆகிவிடுகிறார் என்கிறார். எபிக்டெட்டஸும் அடிமையாகப் பிறந்தவர். அந்தக் காதைப் பற்றி அவ்வளவு நுட்பமாக அவர் பேசியது எனக்கு வியப்பாக இல்லை. காதுக்கும் ஐயம் இருந்தால் இருக்கவே இருக்கிறது உளி. வெட்டினால் உள்ளே செம்பின் சிவப்புத் தெரியும், அல்லது வெள்ளியே தெரியும். நம் காசில் தெரிந்தது வெள்ளி. அதனால்தான் வெட்டுக்காயத்தோடு அது மறுபடி கைமாறி, நம் காலம்வரை வந்திருக்கிறது.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உரைகல்லுக்குக் கிரேக்கத்தில் பசனோஸ் என்று பெயர். பொன்னின் மாற்றைப் பார்க்கும் கல். அந்தச் சொல் மெல்லச் சோதனை என்று பொருள் விரிந்து, பிறகு சித்திரவதை என்றும் ஆனது. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் செல்ல வேண்டுமானால் சித்திரவதை செய்துதான் வாங்க வேண்டும். அந்த நடைமுறைக்குப் பெயர் பசனோஸ்தான். உலோகத்தைத் தேய்த்தால் உண்மை வரும், அடிமையைத் தேய்த்தால் உண்மை வரும் என்று ஒரே சொல்லில் நினைத்த ஊர், தன் காசின் உண்மையைச் சொல்லும் பொறுப்பை ஓர் அடிமையிடம் கொடுத்திருந்தது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

விலக்குகள் உண்டு. பசியோன் என்பவர் வட்டிக்கடை முதலாளிகளின் அடிமையாக இருந்து, விடுதலை பெற்று, தானே கடை நடத்தி, ஏதென்ஸ் குடியுரிமையும் பெற்றார். நிக்கோஃபோனின் சட்டம் வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். அந்தக் கடைக்குத் திரபேசா, அதாவது மேசை என்று பெயர். இன்றும் கிரேக்க நாட்டில் வங்கிக்கு அதுவே பெயர். ஆனால் ஒரு பசியோனைச் சொல்லி ஆயிரம் பேரை மறைத்துவிடக் கூடாது.

இவ்வளவு சோதனைக்குப் பிறகு ஆந்தை எங்கெல்லாம் போனது! 1933-ல் காபூலில் சமன்-இ-ஹசூரி என்ற இடத்தில் கிடைத்த புதையலில் ஏதென்ஸ் ஆந்தைகள், பிற கிரேக்க நகரக் காசுகள், பாரசீகச் சிக்லோய் வெள்ளிக்காசுகள், இந்திய முத்திரைக் காசுகள் எல்லாம் ஒரே குவியலாக இருந்தன. பிற்காலத்தில் அலெக்சாண்டர் தன் வெள்ளிக்காசுக்கு ஏதென்ஸின் எடையையே எடுத்துக்கொண்டார். ஹெராக்ளிஸின் சிங்கத்தோல் தலையும் அமர்ந்த சூஸும் பொறித்த அந்தக் காசு பாரசீகக் கருவூலங்களின் வெள்ளியில் அடிக்கப்பட்டுப் பரவியது. இந்துகுஷ் பகுதியில் ஆண்ட கிரேக்க அரசர் அகதோக்ளிஸ், ஒருபுறம் பலராமனும் மறுபுறம் வாசுதேவனுமாகத் திராக்மாக் காசடித்தார். பிராமி எழுத்தும் கிரேக்க எழுத்தும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஆப்கானிஸ்தானின் ஆய் கானூமில் 1970-ல் அவை கிடைத்தன.

நம் பக்கத்துக்கும் அந்தச் சொல் வந்தது. திராக்மா வடமொழியில் திரம்ம ஆகி, அரபியில் திர்ஹம் ஆகி, நம் கல்வெட்டுகளில் திரமம் என்று நின்றது. காசும் வந்தது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த, ரோமானியர் அல்லாத பழைய அயல்நாட்டுக் காசுகளைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். கிரேக்க உலகத்துக் காசுகளும் அதில் உண்டு. இன்று கிரேக்க நாட்டின் ஒரு யூரோக் காசைத் திருப்பிப் பாருங்கள். நாம் முதலில் பார்த்த நாலு திராக்மாக் காசின் அதே ஆந்தை அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அகோராவில் உட்கார்ந்த வண்ணக்கனின் பெயரைச் சட்டக் கல்வெட்டு சொல்லவில்லை. சொல்ல அதற்கு அவசியமும் இல்லை. ஒருவர் போனால் இன்னொருவர் உட்காருவார். ஆனால் லாரியோனில் ஒரு கல்லறைக் கல் கிடைத்திருக்கிறது, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்குரியவர் அட்டோடஸ். கருங்கடலின் தென்கரையில் உள்ள பாஃப்லகோனியாவிலிருந்து வந்தவர். அடிமையா, விடுதலை பெற்றவரா என்று கல்லில் இல்லை. சொந்த மண்ணுக்கு வெகுதொலைவில் என் உடல் உழைப்பிலிருந்து ஓய்ந்தது, தொழில் தேர்ச்சியில் எனக்கு நிகர் யாருமில்லை, அக்கிலிஸின் கையால் டிராய்ப் போரில் மாண்ட பைலமெனிஸின் குலத்தில் வந்தவன் நான் என்ற பொருளில் சில கவிதை வரிகள் அதில் இருக்கின்றன. ஹோமரின் காவியத்தில் தன் நாட்டு அரசனைத் தேடிப் பிடித்துத் தனக்கு முன்னோராக்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த வரிகளுக்கெல்லாம் மேலே, கல்லின் தலைப்பில் இரண்டே சொற்கள் வெட்டியிருக்கின்றன: அட்டோடஸ், சுரங்கக்காரர்.